மெக்னீசியம் குறைபாடு என்று நினைத்தேன்

போன பருவத்தில் நான் போட்ட முலாம்பழக் கொடிகள் கிட்டத்தட்ட மொத்தமும் மஞ்சளாகிப் போயின. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல முறை உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் நோயை விட நான் செய்த முட்டாள்தனங்கள்தான் வரிசையாக ஞாபகத்துக்கு வரும், அப்படியே மூடி வைத்துவிடுவேன். இப்போது புதுக் கொடி படர ஆரம்பித்துவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் இதையும் மறந்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பிஞ்சு பிடித்து, காய் கைக்குள் அடங்கும் அளவுக்கு வந்திருந்த சமயம். கொடியின் அடியிலிருந்து மூன்றாவது நான்காவது இலையில், நரம்புகளுக்கு நடுவே வெளிறிய திட்டுகள் தெரிந்தன. மூன்று நாளில் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன; நரம்பு மட்டும் பச்சை, நடுவில் இருந்ததெல்லாம் மஞ்சள், ஏதோ வரைபடத்தில் ஆறுகளை மட்டும் பச்சை மையால் வரைந்த மாதிரி. நுனிக் கொழுந்தோ பளபளவென்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அடி இலை மஞ்சள், நரம்பு பச்சை, கொழுந்து நலம் என்றால் மெக்னீசியம் குறைபாடு என்று நான் எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். எனவே மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்து இலைமேல் அடித்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. மஞ்சள் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. சரி, தழைச்சத்து போதவில்லை போல என்று அதையும் கொடுத்தேன். அது மெத்தென்ற இளந்தளிராகத் தள்ளி, பூச்சிக்கு விருந்து வைத்த கதையாயிற்று என்பது பிறகுதான் புரிந்தது.

அப்புறம்தான் ஒரு மஞ்சள் இலையைச் சும்மா மடித்துப் பார்த்தேன். முலாம்பழ இலை துணி மாதிரி மடங்க வேண்டும். இது மடங்கவில்லை, படக்கென்று முறிந்தது. நல்ல இலையை விடத் தடிப்பாக, அட்டை போல இருந்தது. ஓரங்கள் லேசாக மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. சத்துக் குறைவால் சோர்ந்துபோன இலை இப்படித் தடித்து முறியுமா என்று அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது. முறிந்த இலையைத் திருப்பினால், அடிப்பக்கம் முழுக்கத் தவிட்டுத் தூள் ஒட்டியது போல வெள்ளை ஈக்களின் காலிக் கூடுகள். நான் அந்தக் கொடிகளைத் தினமும் பார்த்தேன், ஆனால் நின்றுகொண்டே, மேலிருந்து பார்த்தேன்.

இலை ஏன் தடித்தது என்பதில்தான் இந்த நோயின் மொத்த விஷயமும் இருக்கிறது. என் கொடிக்கு வந்தது சத்துக் குறைவு இல்லை, வெள்ளை ஈ மாதிரி பூச்சிகள் பரப்பும் வைரஸ். வெள்ளரிக் குடும்பத்தை மஞ்சளாக்கும் இந்த வைரஸ்கள் செடியின் எல்லாத் திசுக்களிலும் பரவுவதில்லை. இலை தயாரித்த சர்க்கரையைக் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோகும் ஃபுளோயம் என்கிற குழாய்த் திசுவோடு நின்றுவிடுகின்றன. அந்தக் குழாயின் வேலை கெட்டதும், இலை தயாரித்தது வெளியே போக வழியில்லாமல் இலையிலேயே தேங்குகிறது, மாவுச்சத்தாகச் சேர்கிறது. இலை தடிக்கிறது, விறைக்கிறது, பச்சையம் குறைந்து மஞ்சளாகிறது. அதாவது அந்த மஞ்சள் இலை பட்டினியில் இல்லை, விற்க முடியாத சரக்கோடு அடைந்து கிடக்கும் கிடங்கு அது. பட்டினி கிடந்தது காய்தான். அதற்குப் போய் நான் இலைக்குச் சத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

முலாம்பழத்துக்கு இது ஏன் இவ்வளவு பெரிய அடி என்றால், அதன் காயில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. வாழை போலப் பறித்து வைத்தால் உள்ளே இருக்கும் மாவு சர்க்கரையாக மாறி இனிக்கும் என்பதெல்லாம் இதில் நடக்காது. பறித்த பிறகு மணம் கூடலாம், சதை இளகலாம், இனிப்பு கூடவே கூடாது. கொடியில் இருக்கும் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் இலை அனுப்புவதுதான் இனிப்பு. வெள்ளரிக் குடும்பம் ஸ்டாக்கியோஸ், ரஃபினோஸ் என்கிற நீண்ட சர்க்கரைகளாக அனுப்பும், காய் அதை வாங்கி உடைத்து சுக்ரோஸாகச் சேர்த்து வைக்கும். அந்த வாரங்களில் குழாய் கெட்டிருந்தால் காய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது. என் பழங்கள் கொஞ்சம் சிறுத்திருந்தன, அவ்வளவுதான்; தோலில் வலை நன்றாகவே விழுந்திருந்தது, மணம்கூட லேசாக வந்தது. வெட்டினால் தண்ணீர். சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 10 பிரிக்ஸைத் தாண்டினால்தான் அதை முலாம்பழம் என்று சொல்ல எனக்கு மனம் வரும், அந்தப் பருவத்தில் ஒன்றுகூடத் தாண்டவில்லை.

இப்போது எது எந்த வைரஸ் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மஞ்சள் வைரஸ்" என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. வெள்ளை ஈ பரப்புவதில் முக்கியமானது குக்குர்பிட் எல்லோ ஸ்டன்டிங் டிஸ்ஆர்டர் வைரஸ், சுருக்கமாக சி.ஒய்.எஸ்.டி.வி. 1982-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் முதலில் கவனித்தார்கள், அப்புறம் மத்தியதரைக்கடல் நாடுகள், அமெரிக்கா என்று போய்விட்டது. அதன் நெருங்கிய உறவு குக்குர்பிட் குளோரோட்டிக் எல்லோஸ் வைரஸ், 2004-இல் ஜப்பானில் தென்பட்டது. இரண்டும் கிரினிவைரஸ் என்கிற பிரிவு, இரண்டையும் பரப்புவது பெமிசியா டபாசி என்கிற அதே வெள்ளை ஈ, கண்ணால் பார்த்து இது அதுவா இதுவா என்று பிரிக்கவே முடியாது. இன்னொரு வெள்ளை ஈயான டிரையாலூரோட்ஸ், அதாவது பசுமைக்குடில் வெள்ளை ஈ, பரப்புவது பீட் சூடோ-எல்லோஸ் வைரஸ். இதை 1965-லேயே கலிஃபோர்னியாவில் டஃபஸ் என்கிற ஆய்வாளர் விவரித்துவிட்டார். அசுவினி பரப்புவது வேறு ஒன்று, குக்குர்பிட் ஏஃபிட்-போர்ன் எல்லோஸ் வைரஸ். 1992-இல் பிரான்ஸில் லெகோக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் அதைப் புது நோயாக எழுதினார்கள். பெயர் நீளமே தவிர ஆள் குட்டி, 25 நானோமீட்டர் குறுக்களவு உருண்டை. கிரினிவைரஸ்களோ 600, 800 நானோமீட்டருக்கு மேல் நீளும் வளைந்த நூல்கள். இவ்வளவு வேறுபட்ட இரண்டு கூட்டம், இலையில் காட்டுவது மட்டும் ஒரே மஞ்சள்.

தேமல் வைரஸ்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுக்கினி எல்லோ மொசைக் மாதிரி தேமல் வைரஸ் வந்தால் கொழுந்து இலையிலேயே திட்டுத்திட்டாகத் தெரியும், இலை கோணிக்கொள்ளும், காய் முண்டும் முடிச்சுமாகும். நம்முடையது அடி இலையில் ஆரம்பித்து மேலே ஏறும், கொழுந்தைக் கடைசி வரை அழகாக வைத்திருக்கும், காயின் வடிவத்தைத் தொடாது. அதனால்தான் ஏமாறுகிறோம்.

நான் செய்த இன்னொரு வேலையைச் சொல்லாமல் விடக் கூடாது. வைரஸாக இருக்கலாம் என்று தெரிந்ததும் பதற்றத்தில் ஒவ்வொரு கொடிக்கும் நடுவே கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மிச்சமிருந்த விதைப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்தேன். அத்தனையும் வீண். ஃபுளோயத்துக்குள் மட்டும் வாழும் இவை கத்தியில் ஒட்டிய சாறு வழியாகத் தொற்றுவதில்லை, கை பட்டால் தொற்றுவதில்லை, விதை வழியாகவும் வருவதில்லை. குகம்பர் கிரீன் மாட்டில் மொசைக் மாதிரி ஒரு சில வைரஸ்களுக்குக் கத்தியும் விதையும்தான் முக்கிய வழி, அதற்கு அந்தக் கவனம் சரி. இந்த மஞ்சளுக்குப் பூச்சி வர வேண்டும், அது உட்கார வேண்டும், ஊசி போன்ற வாயை இலைக்குள் செலுத்தி, செல்களுக்கு இடையே வளைந்து நெளிந்து ஃபுளோயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

இந்தப் பயணத்துக்கு நேரம் ஆகும் என்பது நமக்குச் சாதகமான விஷயம். தேமல் வைரஸைச் சுமக்கும் அசுவினி, இலை ருசி எப்படி என்று ஒரு நொடி குத்திப் பார்த்தாலே போதும், வேலை முடிந்தது, மருந்து அதைக் கொல்வதற்குள் நாலு செடிக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். மஞ்சள் வைரஸ்களுக்கு அப்படி இல்லை, நிமிடக் கணக்கிலிருந்து மணிக்கணக்கு வரை உறிஞ்ச வேண்டும். ஆனால் ஒரு தடவை எடுத்துக்கொண்ட பிறகு வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெள்ளை ஈயில் கிரினிவைரஸ் தொண்டைக்குக் கீழே முன்குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உடம்புக்குள் போகாது. சில நாள் இருந்து உதிர்ந்துவிடும், சி.ஒய்.எஸ்.டி.வி. கொஞ்சம் பிடிவாதம், ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். அசுவினியில் அந்தக் குட்டி உருண்டை குடலைத் தாண்டி, உடல் திரவத்தில் நீந்தி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் அந்த அசுவினி சாகும் வரை பரப்பும். தாய் அசுவினி போடும் குஞ்சுக்கு அது போகாது. குஞ்சு நோயில்லாமல்தான் பிறக்கும், ஆனால் அது பிறப்பதே நோயுள்ள செடியின் மேல் என்றால் பிறந்து என்ன பயன்.

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த, பிடித்த என்று சொல்லலாமா தெரியவில்லை, ஒரு கதை உண்டு. 1981 வாக்கில் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனப் பகுதி வயல்களில், கலிஃபோர்னியா அரிசோனா பக்கம், லெட்யூஸ் இன்ஃபெக்ஷியஸ் எல்லோஸ் என்று ஒரு வைரஸ் லெட்யூஸ், பீட், முலாம்பழம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கியது. அதைப் பரப்பியது பெமிசியாவில் ஏ வகை என்று அப்போது சொல்லப்பட்ட வெள்ளை ஈ. பத்து வருடம் ஆட்டம் போட்டது. 1990-களின் தொடக்கத்தில் பி வகை என்கிற வேறொரு வெள்ளை ஈ வந்து, ஏ வகையை அந்த இடத்தை விட்டே விரட்டிவிட்டது. புது ஈ பழையதை விட எல்லா வகையிலும் பெரிய தொல்லை, ஆனால் அந்த வைரஸைச் சுமக்க மட்டும் அதற்குச் சாமர்த்தியம் போதவில்லை. வைரஸ் காணாமலே போய்விட்டது. மருந்தோ புது ரகமோ செய்யாததை ஓர் ஈ இன்னொரு ஈயைத் துரத்திச் செய்தது. அப்புறம் 2006-இல் அதே வயல்களுக்கு சி.ஒய்.எஸ்.டி.வி. வந்து சேர்ந்தது, இதைச் சுமக்க பி வகைக்குத் தாராளமாகத் தெரியும். கோடை முழுக்கப் பெருகிய ஈக்கள் இலையுதிர்காலப் பயிர் மேல் இறங்கின, அந்தப் பருவ முலாம்பழச் சாகுபடியே அங்கே சுருங்கிப்போனது. ஸ்பெயினின் தென்கிழக்குப் பசுமைக்குடில்களிலும் இதேதான். முதலில் டிரையாலூரோட்ஸும் பீட் சூடோ-எல்லோஸும் இருந்தன. 1990-களில் பெமிசியா வந்து அந்த ஈயை ஓரங்கட்டியது, கூடவே பழைய வைரஸ் போய் சி.ஒய்.எஸ்.டி.வி. உட்கார்ந்துகொண்டது. நோய் ஒன்றுதான் என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றியிருக்கும், மஞ்சள் அதே மஞ்சள்தானே. கீழே ஈயும் மாறி வைரஸும் மாறியிருந்தது.

ஆகவே எந்த ஈ என்று தெரிந்துகொள்வது வெட்டி வேலை இல்லை. விடியற்காலையில் ஈ மந்தமாக இருக்கும், அப்போது இலையை மெதுவாகத் திருப்பி ஒரு சாதாரண லென்ஸில் பாருங்கள். இறக்கைகளை வீட்டுக் கூரை போலச் சரித்து, நடுவில் மஞ்சள் உடம்பு கோடாகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தால் பெமிசியா. இறக்கைகளைத் தட்டையாக விரித்து, மேலிருந்து முக்கோணம் போலத் தெரிந்தால் டிரையாலூரோட்ஸ். அப்படியே காலிக் கூடுகளையும் பாருங்கள். வெள்ளை ஈ வெளியே வந்த கூட்டின் முதுகில் ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு கிழிசல் இருக்கும். வட்டமாக ஓட்டை போட்டது போல இருந்தால், அதிலிருந்து வந்தது ஈ இல்லை, ஈயின் குஞ்சைத் தின்று வளர்ந்த குட்டி ஒட்டுண்ணிக் குளவி. என் மஞ்சள் இலையில் எண்ணிப் பார்த்தேன். நாற்பதில் இரண்டு வட்டம், மீதி எல்லாம் டி. தோற்றுப்போனேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

எனக்கு முன்கூட்டியே தகவலும் வந்திருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். முலாம்பழத்துக்குப் பக்கத்தில் பூசணி வகையான ஒரு சுக்கினிச் செடி இருந்தது, அதன் புது இலைகள் வெள்ளி பூசியது போல மின்ன ஆரம்பித்தன. சில ரகங்களில் நரம்பு பிரியும் இடத்தில் இயல்பாகவே வெள்ளித் திட்டு இருக்கும், எனவே ரகத்தின் குணம், அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இலை முழுக்க வெள்ளியானால் அது ரகம் இல்லை. பி வகை வெள்ளை ஈயின் குஞ்சுகள் கீழே பழைய இலைகளில் உறிஞ்சும்போது மேலே வரும் புது இலைகளில் இப்படி ஆகும். வைரஸ் கிடையாது, ஈ போனால் அடுத்து வரும் இலை பச்சையாகவே வரும். முலாம்பழம் மஞ்சளாவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே, இன்ன ஈ, இத்தனை கூட்டமாக வந்திருக்கிறது என்று அந்தச் செடி எனக்குச் சொல்லிவிட்டது.

அந்த மூன்று வாரக் கணக்குதான் எல்லாரையும் ஏமாற்றுவது. சி.ஒய்.எஸ்.டி.வி. செடிக்குள் நுழைந்த பிறகு மஞ்சள் வெளியே தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். இன்றைக்கு மஞ்சளைப் பார்த்துவிட்டு இன்றைக்கு மருந்தடித்தால், போன மாதம் கடித்துவிட்டுப் போன ஈயை அடிக்கிறோம். மஞ்சளான ஒரு கொடியைப் பிடுங்கினால் மற்றவை தப்பிக்கும் என்று நினைப்பதும் அதே கணக்குப் பிழைதான், பச்சையாக நிற்கும் பக்கத்துக் கொடிகளில் பாதிக்கு ஏற்கெனவே உள்ளே இருக்கலாம். மஞ்சள் இலைகளை மட்டும் கிள்ளி எறிவதிலும் அர்த்தமில்லை, வைரஸ் கொடி முழுக்க இருக்கிறது, இலை போனால் காய்க்கு நிழலும் போய் வெயில் சுடும்.

சரி, வைரஸா சத்துக் குறைவா என்று ஆய்வகம் போகாமல் எப்படி ஊகிப்பது? உறுதியாகச் சொல்ல, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைதான். ஆனால் தோட்டத்திலேயே நிறைய தெரிந்துவிடும். சத்துக் குறைவு மண்ணைப் பொறுத்தது, ஒரே மண்ணில் இருக்கும் கொடிகள் ஏறக்குறைய ஒன்றாக மஞ்சளாகும். வைரஸ் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று ஆரம்பிக்கும், பெரும்பாலும் பூச்சி வந்து இறங்கும் ஓரத்தில், முழு மஞ்சள் கொடிக்குப் பக்கத்திலேயே முழுப் பச்சைக் கொடி நிற்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் கொழுந்துதான் வெளிறும், அடி இலை இல்லை. சிலந்திப்பேன் என்றால் ஊசி குத்தியது போலப் பொடிப்பொடிப் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் இருக்கும். அடிச்சாம்பல் நோய் நரம்புக்குள் அடங்கிய கோணக் கோணத் திட்டாக வரும். பூச்சி பரப்பும் மஞ்சளிலேயே வைரஸ் இல்லாத ஒன்றும் உண்டு, எல்லோ வைன் என்பார்கள், ஸ்குவாஷ் பக் என்கிற நாவாய்ப்பூச்சி கொண்டுவரும் செராஷியா என்ற பாக்டீரியா. அதில் கொடி வெகு சீக்கிரம் சாயும், அடித்தண்டைக் குறுக்கே வெட்டினால் ஃபுளோயம் தேன் நிறத்தில் பழுத்துத் தெரியும். இவை எதுவும் இல்லாமல், இலை தடித்து, மடித்தால் முறிந்து, அடியில் ஈயோ அசுவினியோ இருந்த தடயமும் இருந்தால் நான் இனி மெக்னீசியம் வாங்கப் போகமாட்டேன்.

அசுவினி கொண்டுவரும் மஞ்சளில் ஒரு வித்தியாசம், பழத்தின் தரத்தை விட எண்ணிக்கையில்தான் கை வைக்கும். பூ உதிரும், பிஞ்சு குறையும். இதில் விவசாயிக்கு நோய் என்றே தோன்றாமல் "இந்த வருடம் காய்ப்பு கம்மி" என்று போய்விடுவது சகஜம்.

எங்கிருந்து வந்தது என்று தேடியபோது வெளியே போகவே தேவை இருக்கவில்லை. தோட்டத்தின் மூலையில் பழைய வெள்ளரிக் கொடி ஒன்று நின்றது. காய்ப்பு முடிந்து மாதமாகிறது, இருந்தாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு காய் விடுகிறதே என்று பிடுங்க மனம் வரவில்லை. அடியில் எல்லாம் மஞ்சள், நான் அதை வயதானதால் வந்த பழுப்பு என்று நினைத்திருந்தேன். அதுதான் வைரஸுக்கும் ஈக்கும் கிடங்கு. அந்த ஒன்றிரண்டு வெள்ளரிக்காக ஒரு பருவ முலாம்பழத்தைக் கொடுத்திருக்கிறேன். அதை விட மோசம், விஷயம் புரிந்த ஆத்திரத்தில் பட்டப்பகலில் போய் வெடுக்கென்று பிடுங்கினேன், வெள்ளைப் புகை கிளம்பியது போல ஈ மொத்தமும் எழும்பி நேராக முலாம்பழத்தின் மேல் போய் உட்கார்ந்தது. முதலில் சோப்புக் கரைசலோ எண்ணெய்க் கரைசலோ இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து ஈயைக் கொன்றுவிட்டு, அப்புறம் பிடுங்கி, உடனே மூட்டையில் கட்டியிருக்க வேண்டும். களைகளையும் கவனிக்க வேண்டும், சி.ஒய்.எஸ்.டி.வி. ஆரம்பத்தில் வெள்ளரிக் குடும்பத்தை மட்டும்தான் தொடும் என்று நினைத்திருந்தார்கள், அப்புறம் குதிரை மசால், லெட்யூஸ், பீன்ஸ், பல களைச்செடிகள் எல்லாம் பட்டியலில் சேர்ந்தன, அவற்றில் பல வெளியே ஒன்றும் காட்டாமல் வைத்திருக்கும்.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். நாற்று நடும்போது வேரில் ஊற்றும் இமிடாகுளோப்ரிட் முதல், சயான்ட்ரனிலிப்ரோல், ஃப்ளுபைராடிஃபூரான் வரை நிறைய இருக்கிறது, முதல் சில வாரங்களுக்குக் காப்பாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெமிசியா மருந்துக்குப் பழகிக்கொள்வதில் பேர் போன பூச்சி, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பவர் பழகிய ஈயை வளர்க்கிறார். அதோடு இந்தக் குடும்பத்தில் தேனீ இல்லாமல் காய் இல்லை, செடிக்குள் ஊடுருவும் மருந்து மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகும். பூ வந்த பிறகு அந்த வகை மருந்தை நான் தொடுவதாக இல்லை. பெரிய வயல்காரர் வேறு மாதிரி கணக்குப் போடலாம், அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

ரகங்களில் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் மெதுவாக வரும் நம்பிக்கை. சி.ஒய்.எஸ்.டி.வி.-க்கு எதிர்ப்புத் தரும் இரண்டு முக்கியமான முலாம்பழ விதைகள் உலகச் சேகரிப்பில் கிடைத்தன, ஒன்று ஜிம்பாப்வேயிலிருந்து போன டி.ஜி.ஆர்.-1551, இன்னொன்று இந்தியாவிலிருந்து போன பி.ஐ. 313970. அசுவினி வைரஸுக்கு எதிர்ப்பு கொடுத்ததும் இந்திய விதைதான், பி.ஐ. 124112, இரண்டு ஒடுங்கு மரபணுக்கள், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குணம் காட்டும் மரபணுக்கள், சேர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். வாட் என்று ஒரு மரபணு தனியாக உண்டு, அது வைரஸைத் தடுக்காமல், பருத்தி அசுவினி அந்தச் செடியில் குடியேறுவதையும் வைரஸைப் புகுத்துவதையும் தடுக்கும், எனக்குப் பார்த்த உடனே பிடித்துப்போன யோசனை அது. சிக்கல் என்னவென்றால், பி.ஐ. 313970 மாதிரி விதைகளின் பழம் இனிப்பே இல்லாதது. எதிர்ப்பை எடுத்துக்கொண்டு சுவையை விட்டுவிடு என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் கலக்க வேண்டும். எதிர்ப்பு என்றாலும் வைரஸே நுழையாது என்று அர்த்தமில்லை, குறைவாகப் பெருகும், தாமதமாக மஞ்சளாகும்.

தாமதம் போதும் என்பதுதான் இந்தப் பருவத்துக்கு நான் போட்ட திட்டம். காய் பருத்து முடிந்த பிறகு மஞ்சள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். பழைய கொடி எதையும் மிச்சம் வைக்கவில்லை, எல்லாம் போய் மூன்று வாரம் நிலத்தைச் சும்மா விட்டுவிட்டுத்தான் விதை போட்டேன். வெள்ளிநிற மல்ச்சிங் ஷீட் விரித்திருக்கிறேன், கீழிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் ஈக்கும் அசுவினிக்கும் இறங்கும் இடம் குழம்பும், கொடி படர்ந்து ஷீட்டை மூடும் வரைக்கும்தான் அது உதவும். முளைத்த நாளிலிருந்து 50 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலைக்குள் வைத்தேன். அதை விடக் கண் பெரிதான வலையில் வெள்ளை ஈ சாதாரணமாக நுழைந்துவிடும், இதிலோ காற்று குறைந்து உள்ளே வெக்கை ஏறும், நடுப்பகலில் கொடி கொஞ்சம் வாடிப் பிறகு தேறியது. விளிம்பில் மண் அணைத்தது ஓரிடத்தில் விலகி இருந்ததை இரண்டாவது வாரத்தில்தான் பார்த்தேன், அன்றைக்கு ஒரு இலை விடாமல் திருப்பிப் பார்த்தேன், முழங்கால் இரண்டும் போய்விட்டது.

நேற்றுக் காலை முதல் பெண் பூ விரிந்தது, பூவுக்குப் பின்னால் குட்டி உருண்டையோடு. இனி வலைக்குள் வைத்தால் பிஞ்சு பிடிக்காது, எனவே எடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் தேனீ வந்துவிட்டது. ஓரத்தில் நட்ட மஞ்சள் ஒட்டும் அட்டையில் இன்று காலை வரை நான்கு வெள்ளை ஈ, லென்ஸில் பார்த்தேன், நான்கும் பெமிசியா.